நீரில் வாழும் அமீபாவும் நம் கண்களும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் மாண்பைப் பற்றிப் பேசுவது மரபு. நமக்கு முன்னர்ப் பேசியோர் அதனைச் செவ்வனே செய்தனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. கண்ணில் புகுந்து பார்வையைக் கெடுக்கும் ஓர் அமீபாவைப் பற்றியும், காண்டாக்ட் லென்ஸ் எனப்படும் விழிவில்லையைப் பற்றியும் பேச விழைகிறோம். கல்விக் கழக விழாவில் இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குரிய காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

இன்று நம் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிகளிலும் செவிலியர் கல்லூரிகளிலும் பயில்கின்றனர், நகரங்களில் பணிபுரிகின்றனர். அவர்களுள் பலர் மூக்குக் கண்ணாடியை விடுத்து லென்ஸ் அணியத் தொடங்கியுள்ளனர். கண்ணாடி அணிந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்னும் பேச்சுக்கு அஞ்சி அணிவோரும் உளர். திருமணத்தன்று ஒரு நாள் மட்டும் வண்ண லென்ஸ் அணிவோரும் உளர். பாட்டனும் தந்தையும் கண்ணாடியே அணிந்தறியாத வீட்டில், லென்ஸை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லித்தர ஆள் ஏது? மறுபுறம், அப்பிள்ளைகளின் பெற்றோர் இன்றும் சேற்றில் இறங்கி நாற்று நடுகின்றனர், கதிர் அறுக்கின்றனர், செங்கல் சூளையில் மண் மிதிக்கின்றனர். லென்ஸ் அணிந்த மகளின் கண்ணையும், சேற்றில் நிற்கும் தாயின் கண்ணையும் தாக்கவல்ல நுண்ணுயிர் ஒன்றே. இரு கண்களையும் காக்கும் அறிவைப் பெறுவதற்குப் பொருட்செலவு மிகுதியாக வேண்டுவதில்லை. ஆகவேதான் இம்மேடையில் இதனைப் பேசுகிறோம்.

கருவிழிப்படலமும் முள் அமீபாவும்

நம் கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் மேலுள்ள கண்ணாடிபோல, ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதுவே கருவிழிப்படலம். நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும் அன்றோ! தனக்கு வேண்டிய பிராணவாயுவின் பெரும்பகுதியை அது கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தே பெறுகிறது. ஆனால் நரம்பு நுனிகள் அதில் மிக நெருக்கமாக உள்ளன. அதனால்தான் ஒரு தூசி விழுந்தாலும் துடித்துப் போகிறோம். இப்படலத்தில் புண் உண்டாகி ஆறினால் வெண்மையான தழும்பு தங்கிவிடும். தழும்பு நடுவில் அமைந்தால் பார்வை மங்கும். இதனைத்தான் நம் ஊர்களில் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று கூறுகின்றனர்.

இனி அமீபாவைப் பற்றிக் காண்போம். பள்ளிப் பாடநூலில் அமீபாவின் படத்தைப் பார்க்காதவர் இரார். அவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றுக்கு அகாந்தமீபா என்று பெயர். கிரேக்க மொழியில் 'அகாந்தா' என்பது முள்ளைக் குறிக்கும். உடலின் மேல் முட்கள்போன்ற நீட்சிகள் இருப்பதால் அப்பெயர் வந்தது. 1930-ஆம் ஆண்டில் கஸ்டெலானி என்னும் இத்தாலிய மருத்துவர் ஈஸ்ட் வளர்ப்பு ஒன்றில் இவ்வகை அமீபாவைக் கண்டார். மறு ஆண்டில் அது தனிப் பேரினமாகப் பெயர் பெற்றது.

இந்த அமீபா வாழாத இடம் இல்லை எனலாம். மண்ணில் உண்டு; ஆற்றிலும் குளத்திலும் உண்டு; நீச்சல் குளத்தில் உண்டு; குழாய் நீரிலும் உண்டு; காற்றில் பறக்கும் புழுதியிலும் உண்டு. பாக்டீரியாக்களை உண்டு அது வாழ்கிறது. அதற்கு இரு நிலைகள் உள்ளன. உணவும் ஈரமும் உள்ளபோது நகர்ந்து, உண்டு, பெருகும் இயங்குநிலை ஒன்று. அந்நிலையில் அதன் அளவு, ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் 25 முதல் 40 பங்கு வரை இருக்கும். உணவு குறைந்தாலும், வறட்சி வந்தாலும், மருந்து பட்டாலும் அது சுருண்டு, இரட்டைச் சுவர் கொண்ட கூட்டினுள் அடங்கிவிடும். அதுவே கூட்டுநிலை. குடிநீரில் நாம் கலக்கும் அளவு குளோரின் அக்கூட்டை அழிப்பதில்லை. குளிர்ந்த நீரில் 20 ஆண்டுகளுக்கு மேல் வைக்கப்பட்ட கூடுகளிலிருந்தும் அமீபா உயிரோடு வெளிவந்ததை அறிஞர்கள் கண்டுள்ளனர்.

இதனைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. நாள்தோறும் முகம் கழுவுகிறோம். குளத்தில் மூழ்கிக் குளிக்கிறோம். இந்த அமீபா எத்தனையோ முறை நம் கண்ணைத் தொட்டுச் சென்றிருக்கும். கண்ணீர் அதனைக் கழுவி விடுகிறது. இமை அதனைத் துடைத்து விடுகிறது. காயமற்ற கருவிழியின் மேல்தோல் அதனை உள்ளே விடுவதில்லை. அம்மேல்தோல் சிராய்ந்திருந்தாலோ, நீரைக் கண்ணோடு அணைத்துப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள் கண்ணில் இருந்தாலோதான் அதற்கு வழி கிடைக்கிறது. சிராய்ப்பை உண்டாக்குவது வயல். நீரைப் பிடித்து வைப்பது லென்ஸ்.

இரு வாயில்கள்

கண்ணை இந்த அமீபா தாக்கும் என்பது 1970-களுக்கு முன்னர் மருத்துவ உலகம் அறியாதது. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கால்நடைப் பண்ணை நடத்திய ஒருவரின் கண்ணில் அடிபட்டுப் புண் உண்டாயிற்று. எம்மருந்துக்கும் அடங்காத அப்புண்ணில் இந்த அமீபா கண்டறியப்பட்டது. 1974-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து இத்தகைய நோயாளிகளைப் பற்றிய செய்தி மருத்துவ இதழில் வெளியாயிற்று. முதன்முதலில் நோயுற்றோருள் ஒருவர் மண்ணோடும் மாட்டோடும் வாழ்ந்தவர் என்பதை நினைவிற்கொள்க. ஆகவே முதல் வாயில் உழவுத்தொழிலே.

இரண்டாவது வாயிலைத் திறந்தது மென்வில்லை. அதன் வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் ஓட்டோ விக்டர்லே என்னும் வேதியியல் அறிஞர் இருந்தார். நீரை உறிஞ்சி மென்மையாகும் ஒருவகைப் பிளாஸ்டிக்கை அவரும் அவருடைய துணைவரும் உருவாக்கினர். 1958-ஆம் ஆண்டில் அரசியல் காரணங்களால் அவர் கல்வி நிறுவனப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் அவர் தளரவில்லை. 1961-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில், சிறுவர்கள் வைத்து விளையாடும் உலோகத் துண்டுகளையும் மிதிவண்டி டைனமோவையும் கொண்டு தாமே ஒரு பொறி அமைத்து, தம் வீட்டிலேயே மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மென்வில்லை விற்பனைக்கு ஒப்புதல் அளித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் அதனால் பயன்பெற்றனர். அறிவியல் தந்த அரிய பொருள் அது. அதனை நாம் பழிக்க வரவில்லை.

ஆனால் அதனைத் தூய்மை செய்யும் முறையில் பிழை நேர்ந்தது. கடையில் விற்ற கரைசலின் விலை மிகுதியாக இருந்தமையால், காய்ச்சி வடித்த நீரில் உப்பு மாத்திரையைக் கரைத்து வீட்டிலேயே உப்புநீர் தயாரித்துப் பலரும் பயன்படுத்தினர். 1980-களின் நடுவில் அமெரிக்காவில் இந்நோய் திடீரெனப் பெருகியது. அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 208 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தது. 1989-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, விவரம் தெரிந்தவர்களுள் 100-க்கு 85 பேர் லென்ஸ் அணிவோர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் தயாரித்த உப்புநீரைப் பயன்படுத்தியவர்கள். சிக்கனம் கருதிச் செய்த சிறு செயல் கண்ணுக்கே கேடாய் முடிந்தது. 2007-ஆம் ஆண்டில் மீண்டும் அந்நாட்டில் நோயாளிகள் பெருகினர். அப்போது ஒரு குறிப்பிட்ட கரைசலே தொடர்புடையது என்று கண்டறியப்பட்டு, அது கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கடையில் வாங்கும் கரைசலும் முழுக்காப்பு அன்று. கைத்தூய்மையும் கருத்தும் உடன் வேண்டும் என்பது அதனால் விளங்கிற்று.

லென்ஸின் வழியாக அமீபா எவ்வாறு நுழைகிறது? லென்ஸ் வைக்கும் சிறு டப்பாவைக் குழாய் நீரில் கழுவுகிறோம். அந்நீரில் வந்த பாக்டீரியாக்கள் டப்பாவின் சுவரில் வழவழப்பான படிவாகப் படிகின்றன. அமீபாவுக்கு அது விருந்து. அங்கே பெருகிய அமீபா லென்ஸில் ஒட்டிக்கொள்கிறது. லென்ஸ் கண்ணில் ஏறுகிறது. நாள் முழுதும் லென்ஸ் உராய்வதால் கருவிழியின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்சிராய்ப்புகள் ஏற்படுகின்றன. லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே சிக்கிய அமீபாவை இமை துடைக்க இயலாது. அது மேல்தோலைப் பற்றி, அழித்து, உள்ளே இறங்குகிறது. லென்ஸோடு குளிப்பவர்க்கும் நீந்துபவர்க்கும் டப்பாவின் துணையின்றியே இது நேரலாம்.

இலண்டன் மாநகரில் மூர்ஃபீல்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற கண் மருத்துவமனை உள்ளது. அங்கே 2000 முதல் 2003 வரை ஆண்டுக்கு 8 முதல் 10 பேர் வரையே இந்நோயுடன் வந்தனர். 2011-க்குப் பின்னர் அத்தொகை ஆண்டுக்கு 36 முதல் 65 வரை உயர்ந்தது. கைகளைச் சரிவரக் கழுவித் துடைக்காமையும், லென்ஸோடு நீச்சல் குளத்தில் இறங்கியமையும் காரணங்களுள் அடங்கும் என்று 2018-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறிற்று. அந்நாட்டில் இந்நோய் மிகுந்திருப்பதற்கு மற்றுமொரு காரணமும் கூறப்படுகிறது. அங்கே வீடுகளின் குளியலறைக் குழாய்களுக்கு மேல்மாடத் தொட்டியிலிருந்து நீர் வருவது வழக்கம். தேங்கிய அந்நீரில் அமீபா வளர்கிறது. இதனைக் கேட்கும்போது நம் விடுதிகளின் மொட்டைமாடித் தொட்டிகள் உங்கள் நினைவுக்கு வரவேண்டும். அத்தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று விடுதி மாணவர் எவரேனும் கூற இயலுமா?

இனி, நம் மண்ணுக்கு வருவோம். மேலைநாடுகளில் இந்நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் லென்ஸ் அணிவோர். இந்தியாவிலோ பெரும்பாலோர் லென்ஸையே கண்டறியாதவர்கள்; சேறும் செடிகொடியும் கண்ணில் பட்டவர்கள். 1996-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் 1,00,000 பேருக்கு 113 பேர் கருவிழிப் புண்ணால் துன்புற்றனர். அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தோடு ஒப்பிடுகையில் இது ஏறத்தாழ பத்து மடங்கு. மதுரையில் மூன்று மாத காலத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்து, 1997-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் ஏற்பட்டிருந்தது. பெரும்பாலும் வேளாண்மை சார்ந்த பொருள்களால். கிருமி இன்னதென்று கண்டறியப்பட்டவர்கள் 297 பேர். அவர்களுள் மூவரின் கண்ணில் அமீபா இருந்தது. மற்றவர்களைத் தாக்கியவை பாக்டீரியாவும் காளானுமே.

மூவர்தாமே என்று கருத வேண்டா. அமீபாவோ காளானோ பாக்டீரியாவோ, அவை நுழையும் வாயில் ஒன்றே. அறுவடையில் நெல்தாள் கீறிய கண். கரும்புத் தோகை வெட்டிய கண். உழவின்போது சேறு தெறித்த கண். மாட்டின் வால் அடித்த கண். இக்கண்கள் எவருடையவை? நிலத்தின் உடைமையாளர் வரப்பில் நிற்கிறார். சேற்றில் இறங்கி நிற்பவர் நம் மக்கள். கருவிழிப் புண்ணைத் தொழில்நோய் என்றே கூறலாம். நம் முன்னோர் பலர் முதுமைக்கு முன்பே ஒரு கண்ணில் பூவோடு வாழ்ந்து மறைந்தனர். அதனை விதி என்று கொண்டனர். அது விதியன்று, காயமும் கிருமியும் காலதாமதமும் சேர்ந்து செய்த வேலை என்பதை இன்று அறிகிறோம்.

நீரும் தீட்டும்

நீரைப் பற்றிப் பேசும்போது நம் சமூகத்தார் ஒன்றை நினையாமல் இருத்தல் இயலாது. மனிதன் தொட்டால் நீர் தீட்டாகும் என்று கூறி, கிணற்றையும் குளத்தையும் நமக்கு மறுத்தனர். 1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் நமக்குள்ள உரிமைக்குக் குரல் கொடுத்தார். 1927-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் மகத் நகரின் சவுதார் குளத்து நீரைப் பல்லாயிரம் மக்களோடு சென்று அள்ளிப் பருகினார். அவ்வுரிமையின் பயனாக இன்று தெருக்குழாயில் நீர் பிடிக்கிறோம்.

நுண்ணோக்கி கூறும் உண்மையை அந்நாளில் தீட்டுப் பேசியோர் அறிந்திலர். நீரைக் கெடுப்பது மனிதனின் பிறப்பு அன்று. அமீபா மேட்டுத்தெருத் தொட்டியிலும் வாழ்கிறது; நம் தெருத் தொட்டியிலும் வாழ்கிறது. குடத்தைத் தொட்டவர் எவர் என்று அது கேட்பதில்லை. நீரைத் தொடும் உரிமைக்காக நம் பெரியோர் போராடினர். எந்நீரை எதற்குப் பயன்படுத்தலாம், எந்நீரைக் கண்ணருகே கொண்டுசெல்லக் கூடாது என்பதை அறிவது அவ்வுரிமையைப் பெற்ற தலைமுறையின் கடமை. குடிக்கத்தக்க நீர் லென்ஸ் கழுவத்தக்க நீர் அன்று. வயிற்றுக்குள் சென்றால் கேடு செய்யாத அமீபா, லென்ஸின் கீழே சிக்கினால் கண்ணைக் கெடுக்கும். குடத்து நீரும் குழாய் நீரும், கேனில் வாங்கும் நீரும் இதில் ஒன்றே.

நோயின் அடையாளமும் காலதாமதமும்

இந்நோய் பெரும்பாலும் ஒரு கண்ணிலேயே தொடங்கும். கண் சிவக்கும், நீர் வடியும், மணல் விழுந்ததுபோல் உறுத்தும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும், பார்வை மங்கும். வலி மிகக் கடுமையாக இருக்கும். வெளியே தெரியும் சிவப்புக்கும் உள்ளே உள்ள வலிக்கும் பொருத்தமே இராது. அமீபா நரம்புகளை ஒட்டிப் பரவுவதே இவ்வலிக்குக் காரணம். நாள்கள் செல்லச் செல்லக் கருவிழியில் வெண்மையான வளையம் ஒன்று தோன்றக்கூடும். வளையம் தோன்றும் வரை காத்திருப்பது பெரும் தவறு.

தொடக்கத்தில் இதனை அக்கி வகை வைரசு நோய் என்றோ, சாதாரணக் கண்வலி என்றோ தவறாகக் கருதுவதற்கு இடமுண்டு. கருவிழியைச் சிறிது சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தும், வளர்ப்புத் தட்டில் வளர்த்தும்தான் உறுதி செய்ய இயலும். ஆகவே லென்ஸ் அணிபவர் அதனை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சேறு பட்டவர் சேறு பட்டதைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் மருத்துவரைச் சரியான வழியில் செலுத்தும்.

இங்கே நம் மக்கள் செய்யும் மூன்று செயல்களைக் கண்டித்துக் கூற வேண்டியுள்ளது. முதலாவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டுமருந்து. ஸ்டீராய்டு கலந்த சொட்டுமருந்து சிவப்பை உடனே குறைக்கும். நோய் குணமாவதுபோல் தோன்றும். உள்ளே கிருமி தழைக்கும். மருத்துவர் எழுதித் தராமல் அதனைத் தொடவே கூடாது. இரண்டாவது, கைவைத்தியம். கண்ணில் தாய்ப்பால் பீச்சுதல், விளக்கெண்ணெய் விடுதல், இலைச்சாறு பிழிதல், நாவால் தூசி எடுத்தல் ஆகியவை புண்ணுக்குள் புதுக் கிருமிகளைச் சேர்க்கும். மூன்றாவது, 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்பது. ஒரு நாள் கூலியை இழக்க மனமின்றி நம் தாய்மார்கள் பத்து நாள் வலியைப் பொறுத்துக்கொள்கின்றனர். அவர்களைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை. ஆனால் பத்து நாள் கழித்துச் சென்றால் இழப்பது பல மாதக் கூலி, சிலவேளை கண்ணே.

பல மாதம் என்று கூறியது மிகையன்று. 1985-ஆம் ஆண்டுக்கு முன்னர் மருந்தால் மட்டும் இந்நோயைக் குணப்படுத்தல் அரிதாயிருந்தது. அவ்வாண்டில் இலண்டன் மருத்துவர்கள் மருந்தாலேயே குணமாக்கியதாக அறிவித்தனர். 1992-ஆம் ஆண்டு வாக்கில் நீச்சல் குளத்தைத் தூய்மை செய்யும் வேதிப்பொருள் ஒன்றை மிகவும் நீர்த்த நிலையில் கண்மருந்தாக்கி வெற்றி கண்டனர். பாலிஹெக்சனைடு என்னும் அம்மருந்தும் குளோர்ஹெக்சிடினும் இன்றும் முதன்மை மருந்துகளாக உள்ளன. 2024-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் பாலிஹெக்சனைடு கொண்ட கண்மருந்து ஒன்றுக்கு இந்நோய்க்கென்றே ஒப்புதல் அளித்தது. முதல் சில நாள்கள் இரவும் பகலும் மணிக்கொரு முறை சொட்டு விட வேண்டும். பின்னர்ப் படிப்படியாகக் குறைத்து, பல மாதங்கள் தொடர வேண்டும். கூட்டுக்குள் ஒளிந்த அமீபா மீண்டும் வெளிவரும் என்பதால், வலி நின்றதும் மருந்தை நிறுத்தலாகாது. மருந்துக்கு அடங்காத நிலையில் கருவிழி மாற்று அறுவையே வழி. ஆனால் முதல் சில வாரங்களுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்களுள் பலர் நல்ல பார்வையோடு மீள்கின்றனர் என்பது நமக்கு நம்பிக்கை தரும் செய்தி.

கடைப்பிடிக்க வேண்டியவை

லென்ஸ் அணியும் இளைஞர்களே! உங்களுக்குச் சில கூறுவோம். கண் மருத்துவர் அளவெடுத்துத் தந்த லென்ஸையே அணியுங்கள். அழகு நிலையத்தில் தரும் வண்ண லென்ஸை அணியாதீர்கள். தோழியின் லென்ஸை ஒருநாளும் வாங்கி அணியாதீர்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, உலர்ந்த தூய துணியில் ஈரம் போகத் துடைத்த பின்னரே லென்ஸைத் தொடுங்கள். லென்ஸையோ டப்பாவையோ எந்நீரிலும் கழுவாதீர்கள், எச்சிலில் நனைக்காதீர்கள். கரைசலை நாள்தோறும் புதிதாக ஊற்றுங்கள். பழைய கரைசலின்மேல் சிறிது சேர்த்து நிரப்பாதீர்கள். டப்பாவைக் கரைசலாலேயே அலசித் துடைத்து, கவிழ்த்து உலர வையுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறையேனும் மாற்றுங்கள். குளிக்குமுன் லென்ஸைக் கழற்றுங்கள், ஆற்றிலும் குளத்திலும் நீச்சல் குளத்திலும் இறங்குமுன் கழற்றுங்கள், உறங்குமுன் கழற்றுங்கள். ஒரு மாத லென்ஸை மூன்று மாதம் இழுக்காதீர்கள். இச்செலவு நம்மால் இயலாதெனில் மூக்குக் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடி அணிவது குறையன்று. அண்ணல் அம்பேத்கரைக் கண்ணாடியின்றி எவரேனும் எண்ணிப் பார்க்க இயலுமா?

வயலிலும் சூளையிலும் உழைக்கும் பெரியோர்களே! சேறோ பதரோ கண்ணில் விழுந்தால் சேற்றுக் கையாலும் முந்தானையாலும் தோள் துண்டாலும் கசக்காதீர்கள். வாய்க்கால் நீரை விடுத்து, குடிக்கக் கொண்டுசென்ற தூய நீரால் கண்ணைக் கழுவுங்கள். லென்ஸ் அணியாத கண்ணைத் தூய நீரால் கழுவுவதில் தவறில்லை. பூச்சிமருந்தோ சுண்ணாம்போ பட்டால், எந்நீராயினும் உடனே நெடுநேரம் கழுவியவாறே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்; அங்கே தாமதமே பெரும் பகை. கழுவிய பின்னரும் உறுத்தலோ சிவப்போ நீடித்தால் மறுநாள் வேலைக்குச் செல்லாமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கதிரடிக்கும்போதும் கரும்பு வெட்டும்போதும் எளிய காப்புக் கண்ணாடி அணிவதில் வெட்கம் வேண்டா.

எங்கே செல்வது? அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கண் பிரிவு உண்டு. 1819-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை சென்னை எழும்பூரில் இயங்கி வருகிறது. மதுரையில் 1976-ஆம் ஆண்டில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஏழைகளுக்கு இலவசமாகவும் மருத்துவம் செய்கிறது. மேலே கூறிய மதுரை ஆய்வுகள் வெளிவந்ததும் அம்மருத்துவமனையின் வழியாகத்தான்.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

நம் கல்விக் கழகத்தாருக்கு இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். தெருவுக்கு இரண்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, கண் மருத்துவமனை ஒன்றின் துணையோடு பயிற்சி அளிக்கலாம். சிவந்த கண்ணோடு ஒருவர் இருப்பதைக் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அவர்கள் பொறுப்பாகட்டும். வழிச்செலவுக்கும் இழந்த கூலிக்கும் ஈடாகச் சிறு தொகை ஒன்றைக் கழகம் ஒதுக்கட்டும். கூலிக்கு அஞ்சியே கண்ணை இழக்கும் நிலை அதனால் நீங்கும். அடுத்து, நம் பிள்ளைகள் தங்கியுள்ள விடுதிகளில் மேல்நிலைத் தொட்டிகளைக் குறித்த காலத்தில் கழுவுமாறு விடுதிக் காப்பாளர்களிடம் எழுத்து வடிவில் கோரிக்கை வைக்க வேண்டும். கேட்டுப் பெறுவது நம் உரிமை.

படித்த பிள்ளைகளுக்கும் ஒரு சொல். நீங்கள் இங்கே கேட்டதை இன்றிரவே வீட்டில் சொல்லுங்கள். தாய்க்கும் தந்தைக்கும் பாட்டிக்கும் அவர்கள் மொழியில் சொல்லுங்கள். நீங்கள் கற்ற எழுத்தை உங்கள் தாய் படிக்காதிருக்கலாம். நீங்கள் சொல்லும் இச்செய்தியை அவர் மறவார். நடவுக்கால மாலையில் வீடு திரும்பும் தாயின் கண் சிவந்திருந்தால், 'என்னம்மா, சேறு பட்டதா?' என்று கேளுங்கள். அவர் 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார். அச்சொல்லை ஏற்காமல் மறுநாள் காலையில் அவரைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். 25 ஆண்டுகளாக இக்கழகம் ஊட்டிய கல்வி நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு அதுவே சான்றாகும்.